தாவலின் இலக்கணம்: மாரியோ விளையாட்டுகள் உருவான வகை

‘விளையாட்டுப் பிள்ளை’ என்று ஒருவரைச் சுட்டும்பொழுது அச்சொல்லில் செல்லமும் உண்டு. சிறிது கண்டிப்பும் உண்டு. வீடியோ விளையாட்டுகளைப் பற்றிப் பெரியோர் பேசும்பொழுதோ செல்லம் குறைந்து கண்டிப்பே மிகுந்துவிடுகிறது. கண் கெடும், காலம் கெடும், படிப்புக் கெடும் என்னும் கவலைகளில் நியாயம் இல்லாமலில்லை. அவ்வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பொருளால் வரும் நன்மை தீமைகளை எண்ணுவது ஒரு துறை. அப்பொருளை ஆக்கியவர் எதனைக் கொண்டார், எதனைத் தள்ளினார், ஏன் தள்ளினார் என்று காண்பது மற்றொரு துறை. செய்யுளின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டிப் பழகிய நமக்கு இரண்டாவது வேலை புதியதன்று. அந்த நோக்கில், ஜப்பான் நாட்டில் 1981 முதல் 1985 வரை உருவாகிய மாரியோ விளையாட்டுகளின் தொடக்கக் கால எண்ணங்களை இங்கு ஆராயப் புகுகிறோம்.

திட்டுத் திட்டாக அமைந்த மேடைகளின்மேல் ஓடியும் தாவியும் ஏறியும் செல்லும் விளையாட்டுகளை ‘மேடை விளையாட்டுகள்’ என்பர். அவ்வகைக்கு உலகறிந்த சான்று மாரியோ. தொப்பியும் மீசையும் உடைய அக்குள்ள உருவம் எவ்வாறு தோன்றிற்று என்பது சுவையான செய்தியே. எனினும் அதனினும் ஆழமானதொன்று இவ்வரலாற்றில் உண்டு. ஆட வந்தவன் தன் கையாலேயே செய்து புரிந்துகொள்ளத்தக்க எண்ணங்களே இவ்விளையாட்டில் நிலைத்தன. சொல்லி விளக்கினால்தான் புரியும் என்னும் எண்ணங்கள், கவர்ச்சி உடையனவாயினும், ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. இதனைக் காட்டுவதே நம் கருத்து.

விற்காத பெட்டிகள்

நின்டெண்டோ நிறுவனம் கியோட்டோ நகரில் 1889ஆம் ஆண்டில் தோன்றியது. அது முதலில் செய்து விற்றது ‘ஹனஃபுடா’ எனப்படும் மலர் ஓவியச் சீட்டுகளை. பின்னர்ப் பொம்மைகளுக்கும், அதன்பின் மின்னணு விளையாட்டுகளுக்கும் அது கிளைத்தது. 1980இல் அமெரிக்காவில் ஒரு கிளை திறக்கப்பட்டது. நிறுவனத் தலைவர் ஹிரோஷி யமவுச்சியின் மருமகன் மினொரு அரகவா அதன் பொறுப்பை ஏற்றார். ‘ரேடார் ஸ்கோப்’ என்னும் விண்வெளிச் சுடும் விளையாட்டுப் பெட்டிகளை அவர் சுமார் 3,000 வரவழைத்தார். கடைகளிலும் உணவகங்களிலும் காசு போட்டு ஆடும் ஆளுயரப் பெட்டிகள் அவை. சுமார் 1,000 விற்றன; மீதி 2,000 கிடங்கில் தேங்கின. புதிய கிளைக்கு அது வாழ்வா சாவா என்னும் நிலை.

பெட்டிகளைத் தூக்கி எறிய இயலாது. அவற்றுக்குள்ளேயே வேறொரு விளையாட்டைப் புகுத்தித் தருமாறு அரகவா கியோட்டோவைக் கேட்டார். அப்பணி ஷிகெரு மியமோட்டோ என்னும் இளைஞரிடம் வந்தது. 1952இல் பிறந்து, கனசாவா கலைக்கல்லூரியில் தொழில் வடிவமைப்புப் பயின்று, 1977இல் நிறுவனத்தில் சேர்ந்தவர் அவர். ஓவியம் அறிந்தவர், கணினிக்கு நிரல் எழுதும் தொழில் அறியாதவர். அவருக்கு மேற்பார்வையாளராக அமைந்தவர் குன்பெய் யோகொய் என்னும் மூத்த பொறியாளர். மெட்டு முன்பே அமைந்துவிட்டது, சொல்லை அதற்குள் அடக்கித் தருக என்று பாட்டெழுதுவோனிடம் சொல்வது போன்ற பணி அது.

‘பாப்பாய்’ என்னும் புகழ்பெற்ற கார்ட்டூன் மாந்தரை வைத்து விளையாட்டு அமைப்பதே முதல் எண்ணம். அதற்கான உரிமை அப்பொழுது கிட்டவில்லை. முரடன் ஒருவன், அவன் கவர்ந்து செல்லும் மங்கை, அவளை மீட்க ஓடும் எளிய மனிதன் என்னும் மூவர் உறவு மட்டும் மியமோட்டோவின் கையில் எஞ்சியது. முரடனின் இடத்தில் கொரில்லா வந்தது. கடலோடியின் இடத்தில் தச்சர் வந்தார். 1981இல் வெளிவந்த ‘டாங்கி காங்’ இவ்வாறு பிறந்தது. பாப்பாய்க்கு உரிமை கிட்டி அவ்விளையாட்டு 1982இல் தனியே வந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. முன்பே கிட்டியிருந்தால் மாரியோ என்றொருவர் தோன்றியிருக்கவே மாட்டார்!

பீப்பாய் உருண்டு வந்தால்

தொடக்கத் திட்டம் இன்று நாம் அறிந்த வடிவில் இல்லை. நாயகன் சிக்கலான வழிகளில் புகுந்து தப்பிச் செல்ல வேண்டும்; தாவும் ஆற்றல் அவனுக்குக் கிடையாது. ஏற்றப் பலகையின் ஒரு முனையில் நின்று மறுமுனை அழுந்தும்பொழுது மேலே எறியப்படுதல் போன்ற உத்திகளும் பேசப்பட்டன. நிரலாக எழுதுவது கடினம் என்று அது கைவிடப்பட்டது. பின்னர்ச் சாய்ந்த இரும்பு உத்திரங்கள், அவற்றை இணைக்கும் ஏணிகள், மேலிருந்து கொரில்லா உருட்டிவிடும் பீப்பாய்கள் என்னும் அமைப்பு உருவாயிற்று.

பீப்பாய் வந்தால் ஏணியில் ஏறி ஒதுங்கலாம். ஏணி அருகில் இல்லையெனில்? நம்மை நோக்கி ஒரு பீப்பாய் உருண்டு வந்தால் நாம் என்ன செய்வோம் என்று மியமோட்டோ தம்மையே கேட்டுக்கொண்டார். தாண்டிக் குதிப்போம். அவ்வளவுதான். தாவுதல் என்னும் வினைக்கு ஒரு பொத்தான் ஒதுக்கப்பட்டது. ஒரு பெருங்கலைவகையின் உயிர்நாடியாகிய அச்செயல் கோட்பாட்டிலிருந்து வரவில்லை. தெருவில் நிற்கும் எந்த மனிதனும் தரும் விடையிலிருந்து வந்தது. ஆடுவோனும் அதே விடையைத் தானே கண்டுபிடிப்பான் என்பதே அதன் வலிமை. நாயகனுக்கு அப்பொழுது இட்ட பெயரும் ‘ஜம்ப்மேன்’, அதாவது தாவும் மனிதன்.

தொடக்கக் காட்சியையும் நோக்குக. மங்கையைத் தூக்கிக்கொண்டு கொரில்லா உச்சிக்கு ஏறுகிறது. மேலே நின்று குதிக்கிறது. நேராக இருந்த உத்திரங்கள் அவ்வதிர்ச்சியில் சாய்கின்றன. கதை யாது, பகைவன் யார், போக வேண்டிய இடம் எது, பீப்பாய்கள் ஏன் உருள்கின்றன என்னும் நான்கு வினாக்களுக்கும் ஓர் எழுத்தும் இன்றி விடை கிடைத்துவிடுகிறது. உயரத்தை 25, 50, 75, 100 மீட்டர் என்று காட்டும் நான்கு களங்களை மியமோட்டோ கேட்டபொழுது, ஒரே விளையாட்டை மீண்டும் மீண்டும் செய்யச் சொல்கிறார் என்று நிரலாளர்கள் முணுமுணுத்தனராம். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஏனெனில் அக்காலத்து விளையாட்டுகள் பெரும்பாலும் ஒரே களத்தைத் திரும்பத் திரும்பக் காட்டியவை.

மீசையின் கதைக்கு வருவோம். நாயகனை வரைய மியமோட்டோவுக்குக் கிடைத்த இடம் அகலத்தில் 16, உயரத்தில் 16 புள்ளிகள் கொண்ட ஒரு சிறு சதுரம். அதற்குள் வாயை வரைந்தால் தெரியாது. எனவே பெரிய மூக்கும் அதன்கீழ் மீசையும். ஓடும்பொழுதும் விழும்பொழுதும் முடி அசைவதைக் காட்டுதல் இயலாது, எனவே தொப்பி. உடலும் கையும் ஒரே நிறமாயின் கை வீசுவது தெரியாது. எனவே தோள்பட்டை வார் வைத்த பணியுடை. வெண்பாவின் ஈற்றடி முச்சீராய் முடிதல் வேண்டும் என்னும் விதி புலவனுக்குத் தடையா, துணையா என்று நம் வகுப்புகளில் ஒரு வினா எழுவதுண்டு. அதற்கு இம்மீசையை விடையாகச் சொல்லலாம் போலும்.

இவ்வுருவத்தை ஒரு விளையாட்டோடு விட்டுவிடாமல், பல விளையாட்டுகளிலும் நடிகரைப் போல வெவ்வேறு வேடத்தில் கொணர வேண்டும் என்பது மியமோட்டோவின் தொடக்க விருப்பம். ‘மிஸ்டர் வீடியோ’ என்று அவரை அழைக்கவும் எண்ணினார். ‘மாரியோ’ என்னும் பெயரோ அமெரிக்கக் கிளையார் தங்கள் கிடங்கின் உரிமையாளர் பெயரைக் கொண்டு இட்டது. விற்காத பெட்டிகள் ‘டாங்கி காங்’ பெட்டிகளாக மாற்றப்பட்டு விற்றுத் தீர்ந்தன. மேலும் பல்லாயிரம் பெட்டிகள் செய்யப்பட்டன.

ஆமையும் பாதாளச் சாக்கடையும்

‘டாங்கி காங்’ விளையாட்டில் சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் நாயகன் மாண்டுபோவான். இயற்கை அதுதானே என்று மியமோட்டோ கருதினார். அடுத்த ஆக்கத்தைப் பற்றிப் பேசுகையில், மனித ஆற்றலுக்கு மேற்பட்ட ஆற்றல் அவனுக்கு இருந்தால் என்ன குறை என்று யோகொய் வினவினார். 1983இல் வெளிவந்த ‘மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் மாரியோ தன்னைப் போல் பன்மடங்கு உயரம் தாவுவதும், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் நோகாமல் எழுவதும் அவ்வுரையாடலின் பயனே. தாவல் தப்பும் வழியாக இருந்தது போய், தாவலே இன்பமாயிற்று.

பகைவரைத் தரையின் அடியிலிருந்து முட்டி வீழ்த்தலாம் என்பது இதன் முதன்மை எண்ணம். முட்டியவுடன் பகைவர் மாண்டால் ஆட்டம் மிக எளிதாகிவிட்டது. ஆகவே முட்டிக் கவிழ்த்தபின் மேலே சென்று உதைத்துத் தள்ளவும் வேண்டும் என்றாக்கினர். கவிழ்ந்தால் எழ இயலாமல் தவிக்கும் உயிர் எது? ஆமை. இவ்வாறு விதி முதலில் பிறந்து, விதிக்கேற்ற உயிர் பின்னர்த் தேடப்பட்டது. ஆமை கவிழ்ந்தால் கால் உதைத்துத் துடிக்கும் என்பது உலகில் எல்லாக் குழந்தைகளும் அறிந்தது; அதனை விளக்கக் கையேடு வேண்டுவதில்லை. களம் பாதாளச் சாக்கடையாகவும், பகைவர் வெளிவரும் வாயில் பெருங்குழாய்களாகவும் அமைந்தமையால் தச்சர் இப்பொழுது குழாய்ப் பணியாளர் ஆனார். லூயிஜி என்னும் தம்பியும் உடன் சேர்ந்தான்.

ஆயினும் இவ்விளையாட்டில் ஒரு குறை தங்கிவிட்டது. ஆமையின்மேல் குதித்தால் மாரியோ மாள்வான். இத்தனை உயரம் தாவும் ஒருவன் ஒரு சிற்றுயிரின் தலைமேல் வந்து விழுந்தால் நசுங்குவது யார் என்று எந்தச் சிறுவனைக் கேட்டாலும் சொல்வான். கண் ஒன்று சொல்ல, விதி மற்றொன்று சொல்லிற்று. அம்முரண் இரண்டே ஆண்டுகளில் களையப்பட்டது.

தள்ளப்பட்ட துப்பாக்கி

1983 ஜூலையில் நின்டெண்டோ ‘ஃபேமிகாம்’ என்னும் வீட்டுக் கருவியை ஜப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 1990களில் நம் ஊர்ப் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து, ‘கேசட்’ செருகி ஆடினார்களே, அக்கருவிகளுள் பெரும்பாலானவை இதன் நகல்கள். கேசட்டுகளுக்கு மாற்றாக வட்டினைக் கொண்ட கருவி 1986இல் வரவிருந்தது. எனவே கேசட் வடிவத்தின் நிறைவுப் பெருவிழாவாக ஒரு விளையாட்டைச் செய்துவிட வேண்டும் என்று மியமோட்டோவும் அவருடன் பணியாற்றிய தகாஷி தெசுகாவும் விரும்பினர். 1985 செப்டம்பர் 13ஆம் நாள் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ அவ்விருப்பத்தின் விளைவு.

முதலில் முடிவானது மாரியோ அன்று, அளவு. பெரிய உருவம் ஒன்று நீண்டு விரியும் நிலப்பரப்பில் ஓட வேண்டும். முதல் சோதனையில் மாரியோ கூட இல்லை. அகலத்தில் 16, உயரத்தில் 32 புள்ளிகள் உடைய ஒரு வெறும் கட்டமே திரையில் நகர்ந்தது. பின்புலம் கருமையாக இருப்பது அக்கால வழக்கம். நெடுநேரம் நோக்குவோர் கண் சோரும் என்று அதனை விட்டு நீல வானத்தை விரித்தனர். கண் கெடும் என்னும் கவலை பெற்றோர்க்கு மட்டும் உரியதன்று போலும்.

அந்நாளைய திட்டத்தில் மாரியோவுக்கு ஆயுதம் இருந்தது. மேல்நோக்கும் விசையை அழுத்தினால் தாவல். ‘ஏ’ பொத்தானை அழுத்தினால் சுடுதல். மேகத்தின்மீது ஏறி வானில் பறந்துகொண்டே சுட்டு வீழ்த்தும் களமும் எண்ணத்தில் இருந்தது. கேட்பதற்கு இனிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆட்டத்துக்குள் இரண்டு ஆட்டங்களை வைப்பதாகும் அது. தரையில் தாவக் கற்றவன் வானில் கற்றதை மறந்து புதிதாய்க் கற்க வேண்டும். முடிவில் தாவலே தலைமைச் செயலாக நிறுத்தப்பட்டு, கைக்கு இயல்பாக அமையும் ‘ஏ’ பொத்தான் அதற்கே உரியதாயிற்று. துப்பாக்கி மறைந்து தீயுருண்டை வந்தது. அதுவும் மலரைப் பெற்றவர்க்கு மட்டும். விரைந்து ஓடுவதற்கும் தீயுருண்டை எறிவதற்கும் ‘பி’ என்னும் ஒரே பொத்தான். பறக்கும் களம் சுருங்கி, கொடியைப் பற்றி ஏறி மேகத்தில் மிதந்தபடி காசு பொறுக்கும் சிறு விருந்தாக எஞ்சியது.

மாரியோ எப்பொழுதும் பெரியவராக இருத்தலைக் காட்டிலும், சிறியவராகத் தொடங்கி இடையில் வளர்ந்தால் பெருமை நன்கு விளங்கும் என்பது மற்றோர் எண்ணம். எதனைத் தின்றால் உருவம் மாறும்? மந்திரக் கதைகளில் வரும் பொருள் காளான். ஆகவே காளான். வளர்ந்தபின் பகைவர் தீண்டினால் உடனே சாவில்லை, மீண்டும் சிறியவராவார். பரிசும் பாதுகாப்பும் ஒரே பொருளில் அமைந்துவிட்டன. சொற்களால் விளக்கினால் ஒரு பத்தி வேண்டும். ஆடுவோன் ஒரு கணத்தில் அறிந்துகொள்கிறான்.

இத்தனையும் அடங்கிய கேசட்டின் கொள்ளளவு 40 கிலோபைட். நிரலுக்கும் களங்களுக்கும் 32, படங்களுக்கு 8. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதனைப் போலப் பன்மடங்கு இடம் கொள்ளும். எனவே சிக்கனம் கலையாயிற்று. வானில் மிதக்கும் வெண்மேகமும் தரையில் நிற்கும் பச்சைப் புதரும் ஒரே படம். நிறம் மட்டும் வேறு. இதனை அறிந்தபின் அவ்விளையாட்டைப் பார்ப்பவர் சிரிக்காமல் இருத்தல் அரிது.

இசையமைத்த கோஜி கோண்டோவும் ஒருமுறை தம் மெட்டைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்கினார். முதலில் அமைத்த இசை மாரியோ ஓடித் தாவும் கதிக்கு இசையவில்லை. ஆடும் கையின் தாளத்தைக் கண்டு அதற்கேற்ப அமைத்ததே இன்று பலரும் முணுமுணுக்கும் மெட்டு.

சொல்லாமல் சொல்லும் முதற்களம்

களங்களை மியமோட்டோவும் தெசுகாவும் வரைபடத்தாளில் கட்டம் கட்டமாக வரைந்தனர். தோஷிஹிகோ நகாகோவின் தலைமையில் நிரலாளர்கள் அவற்றை எண்களாக மாற்றினர். முதற்களம் முதலில் செய்யப்படவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. பின்வரும் கடுங்களங்களைச் செய்து, விளையாட்டின் இயல்பை முற்றும் அறிந்தபின்னரே தொடக்கக் களத்தை அமைத்தனர். நூலை முடித்தபின் பாயிரம் எழுதுவது போன்றது இது.

ஆட்டம் தொடங்கும்பொழுது மாரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறார், வலப்பக்கம் வெறுவெளி. வலப்பக்கம் போக வேண்டும் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. சிறிது சென்றதும் வினாக்குறி பொறித்த பெட்டி ஒன்று மின்னுகிறது. எதிரே பழுப்பு நிறத்தில், சினந்த புருவத்தோடு ஒன்று நடந்து வருகிறது. அதன் முகமே பகை என்று உரைக்கிறது. அதனை முட்டினால் சாவு. ஆட்டம் தொடங்கிய இடத்திலிருந்தே மீளத் தொடங்குவதால் இழப்பு ஒன்றுமில்லை. அடுத்த முறை தாவுகிறான். ஒன்று தாண்டிவிடுகிறான், அல்லது அதன் தலைமேலேயே விழுந்து, அது நசுங்குவதைக் காண்கிறான். 1983இல் நின்ற முரண் இங்குத் தீர்ந்தது.

‘குரிபோ’ என்று ஜப்பானியரும் ‘கூம்பா’ என்று ஆங்கிலேயரும் அழைக்கும் இப்பகைவனே இறுதியாகச் சேர்க்கப்பட்டவன் என்பது வியப்பிற்குரியது. முதலில் ஆமையே முதற்பகைவனாக இருந்தது. ஆமையை மிதித்தால் அது ஓட்டுக்குள் ஒடுங்கும்; ஓட்டை உதைத்தால் அது பாய்ந்து ஓடும்; திரும்பி வந்து உதைத்தவனையே தாக்கும். தேர்ந்தவனுக்கு அது விருந்து. புதியவனுக்கோ ஒரே வேளையில் மூன்று பாடம். மிதித்தால் போதும் என்னும் எளிய பகைவன் ஒருவன் முன்னால் நிற்க வேண்டும் என்று உணர்ந்தபொழுது நினைவகத்தில் இடம் ஏறத்தாழத் தீர்ந்திருந்தது. ஒரே ஒரு படத்தை வரைந்து, அதனையே இடம் வலமாகப் புரட்டிப் புரட்டிக் காட்டி நடப்பதுபோல் செய்தனர். எஞ்சிய கடைசி இடத்தை வல்லவனுக்கு ஒரு புதுமையாகச் செலவிடாமல், முதன்முறை கைப்பிடியைத் தொடுபவனுக்குச் செலவிட்ட அம்முடிவே இவ்வரலாற்றில் மிகப் பெரியது என்பது நம் கருத்து.

காளானுக்கும் ஒரு சிக்கல் இருந்தது. பகைவனை இப்பொழுதுதான் கண்டு அஞ்சியவன், பெட்டியிலிருந்து வெளிவந்து நகரும் மற்றொன்றையும் பகை என்றே கருதி ஓடுவான். அதற்கு அவர்கள் கண்ட வழி இது: காளான் முதலில் வலப்பக்கம் விலகிச் செல்லும். அப்பாடா என்று நிற்கும்பொழுது அது அங்குள்ள குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வரும். பதறித் தாவினாலும் தலைக்குமேல் உள்ள செங்கல் வரிசை தடுக்க, காளானின்மேலேயே விழ நேரும். அஞ்சியவன் அடுத்த கணம் வளர்ந்து நிற்கிறான்! அச்சத்தை மகிழ்ச்சியாக மாற்றிய இந்நயத்தை எத்தனை முறை கண்டாலும் நமக்கு அலுப்பதில்லை.

களத்தின் பிற்பகுதியில் படிக்கட்டுப் போன்ற இரண்டு குவியல்கள் எதிரெதிரே நிற்கின்றன. இடையில் கெட்டியான தரை. தவறி விழுந்தாலும் கேடில்லை. சற்று அப்பால் அதே போன்ற குவியல்கள் மீண்டும் வருகின்றன. இம்முறை இடையில் பள்ளம். பயிற்சி முன்னே, தேர்வு பின்னே. வகுப்பறையில் இவ்வொழுங்கை மாற்றி, பயிற்சி தராமலே தேர்வு வைத்துவிடுகிற நாள்களும் உண்டு என்பதை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம்.

கடினமான இரண்டாம் பாகம்

ஜப்பானில் 1986இல் வந்த இரண்டாம் பாகம் முதற்பாகத்தை முற்றக் கற்றவர்க்கென்றே அமைந்தது. தின்றவரைத் துன்புறுத்தும் நச்சுக் காளானும் அதில் இருந்தது. முதற்பாகம் அரும்பாடுபட்டுக் கற்பித்த பாடத்தை இது வேண்டுமென்றே பொய்யாக்குகிறது. வல்லவர்கள் மகிழ்ந்தனர். அமெரிக்கக் கிளையாரோ இது மிகக் கடினம் என்று மறுத்துவிட்டனர். அதற்கு மாற்றாக, 1987இல் ஜப்பானில் வேறு மாந்தரோடு வெளியான ஒரு விளையாட்டில் மாரியோவின் உருவத்தைப் பொருத்தி, 1988இல் இரண்டாம் பாகம் என்று அங்கு விற்றனர். நச்சுக் காளான் துணிவுடைய எண்ணமே எனினும், புதியவனுக்கு அதில் இடமில்லை. மறுத்தவர் மறுத்தது முறையே என்போம்.

1996இல் மாரியோ முப்பரிமாண உலகுக்குப் பெயர்ந்தார். அங்கும் பணி தொடங்கிய வகை பழையதே. களங்கள் உருவாவதற்கு முன்பு, ஒரு சிறு வெளியில் மாரியோவை ஓடவிட்டு, ஒரு முயலைத் துரத்திப் பிடிக்கச் செய்து, ஓடுவதும் திரும்புவதும் கைக்கு இனிதாக இருக்கிறதா என்றே முதலில் சோதித்தனர். வெளிவந்த விளையாட்டு, பகைவர் எவரும் இல்லாத ஒரு கோட்டைத் தோட்டத்தில் தொடங்குகிறது. அங்கு வேண்டுமளவு ஓடலாம், தாவலாம், மரம் ஏறலாம். சோதனைக்கு உதவிய முயலையும் அவர்கள் விலக்கவில்லை. கோட்டையின் நிலவறையில் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.